இரண்டு விரல் பேரம்

துரைசாமி அண்ணன் எனக்குப் பதினோராயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டும். அவரோ கடலோரம் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நான். கையில் வலை, காலடியில் இறால் டப்பா.

கை கால் இழந்த முன்னாள் ராணுவத்தினருக்கான மீன்பிடிப் போட்டி. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கம்பெனி முதலாளிகள் சேர்ந்து நடத்துவது. எங்களை பஸ் ஏற்றிக் கோவளத்துக்கு அப்பால் ஒரு முகத்துவாரத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். வசூலாகும் பணம் செயற்கைக் கை, கால் வாங்க. பெரிய மீன் பிடிப்பவருக்குத் தனியாகப் பதினைந்தாயிரம்.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் அந்தப் பதினைந்தாயிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு வலது கை முழங்கையோடு சரி. இடது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். எல்லையில் கண்ணிவெடி. இப்போது எங்கள் தோல் ஷெட் கேட்டில் வாட்ச்மேன்.

போன வருஷம் மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்று வந்து நின்றார். என் மனைவி கெங்கம்மாளின் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் கம்மல் மூழ்கிவிடும். காதுத் துளை தூர்ந்துவிடாமல் கெங்கம்மாள் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

பஸ்ஸிலேயே கேட்டுவிட நினைத்தேன். வாலாஜாவில் டீ குடிக்கும்போதும் நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

எங்கள் தோல் மண்டியில் விலையை வாயால் பேச மாட்டார்கள். கை மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரல் நீட்டுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். கையை முழுதாக மடக்கிவிட்டால் நீ தர வேண்டியது ஒன்றும் இல்லை, கணக்கு தீர்ந்தது என்று அர்த்தம்.

“என்னை மண்டில வுட்டா இன்னா ஆவும் பெருமாளு? ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு தோலும் வாங்க முடியாது.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். கேட்க நினைத்ததைக் கேட்காமலே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

போட்டிக்கு ஒரே ஒரு விதி. உதவிக்கு வந்தவன் இரை கோக்கலாம், வலை பிடிக்கலாம். தூண்டிலைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த மீன் கணக்கில் வராது.

வெயில் ஏறியது. எழுந்தேன், உட்கார்ந்தேன், டப்பாவைத் திறந்து மூடினேன்.

“இன்னாடா, உனுக்கு ஒன்னுக்கு வருதா?” என்றார் அண்ணன்.

அப்போதுதான் தூண்டில் கம்பு வளைந்தது.

கம்பின் அடியை இடுப்பில் நான் தைத்துக் கொடுத்த தோல் பையில் ஊன்றிக்கொண்டார். வலது முழங்கையால் அணைத்தார். இரண்டு விரலால் ரீலைச் சுற்றினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

தண்ணீர் உடைந்து வெள்ளையாகப் புரண்டது. கொடுவா. பெரிய கொடுவா.

இன்னும் நாலு சுற்று. கடல் நீரில் ஊறிய தோல் பை நெகிழ்ந்துகொடுத்தது. கம்பு நழுவியது.

ஷெட்டில் ஈரத்தோலை இரண்டு பேராகத்தான் தூக்குவோம். ஒருவன் பிடி நழுவினால் மற்றவன் கை யோசிக்காது. என் கை பாதி வாழ்க்கை அப்படியே பழகியது.

கம்பைப் பிடித்துவிட்டேன்.

ஒரு மூச்சு நேரம். உடனே விட்டேன். அதற்குள் அண்ணன் மறுபடி ஊன்றிக்கொண்டார். மீனை வலையில் அள்ளினேன்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. நடுவர் அந்தக் கோடியில் வேறு யாருடைய மீனையோ தராசில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எங்களிடம் வந்தார், எடை போட்டார், இதுவரைக்கும் இதுதான் பெரிது என்று கை தட்டினார். நான் மனதுக்குள் கெங்கம்மாளின் காதில் கம்மலைப் போட்டுத் திருகாணியையும் முடுக்கிவிட்டேன்.

துரைசாமி அண்ணன் பாதிக் கையைத் தூக்கினார்.

“சார், இத்த கணக்குல வெச்சிக்காதீங்க. இவன் கை பட்ச்சி.”

நடுவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ராணிப்பேட்டைக்காரர் ஒருவருக்குப் பரிசு போனது. மாலையில் பஸ் கிளம்பியது. நான் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் கம்பிகளில் தோளைக் கொடுத்துக் கொடுத்து நடந்து வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“இன்னாணா இது? வாய மூடிக்கினு இருந்தா பதினஞ்சாயிரம்.”

“சர்வீஸ் பூரா ஒரு பொய் சொன்னதில்ல. போயும் போயும் ஒரு கொடுவாவுக்கா சொல்லுவேன்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடல் மறைந்துவிட்டது. ஈர்க்குச்சி மட்டும் கண்ணில் நின்றது.

அவர் தோளில் கிடந்த துண்டைப் பல்லால் இழுத்து எங்கள் இரண்டு மடிக்கும் சேர்த்துப் போட்டார். துண்டுக்குள் அவர் கை என் கையைத் தேடி வந்தது.

ஒரு விரல் நீட்டினார். மாதம் ஆயிரம்.

நான் அசையவில்லை.

இரண்டாவது விரலையும் நீட்டினார். காலையிலிருந்து ரீல் சுற்றிய விரல்கள். அதற்கு மேல் நீட்ட அவரிடம் விரல் இல்லை.

என் பதிலுக்காக என் கையைத் தடவினார். கம்பைப் பிடித்த அதே கை.

ஐந்து விரலையும் மடக்கி வைத்திருந்தேன்.

நம்பாமல் இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.