இறம்பொடை வளைவில் மஞ்சள் தண்ணீர்

இறம்பொடை இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டம் தேயிலைக்குள் படுத்திருக்கிறது. சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள் இது; இன்று நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்குகிறார்கள். முதல் இரண்டு நாளும் முன்னுக்கு நின்றவன் என் அண்ணன் சுகிர்தன். தோட்டத்து லய வீடுகளின் சனமெல்லாம் சாமித் தேருக்கு ஊற்றுவதுபோல் அவனுக்காக ரோட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறது. நனைந்த தார் கண்ணாடியாக மின்னுகிறது. வளைவுக்கு அப்பால் பள்ளம். அங்கிருந்து அருவியின் இரைச்சல் மட்டும் வருகிறது.

"ஊத்தாதீங்க, வழுக்கும்," என்கிறேன். குனிந்தபடி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"இன்னொரு வாளி கொண்டாங்கடி! நம்ம புள்ள ராசா மாதிரி வரணும்ல," என்று காளியாயி அக்கா சிரிக்கிறாள்.

மேலே பொலிஸ் மோட்டார் சைக்கிளின் சைரன் கேட்கிறது. நான் கொழுந்து போடும் சாக்கோடு ரோட்டில் முழங்காலிட்டுத் துடைக்கிறேன்.

"ஏய் புள்ள, பைத்தியமா? எந்திரிச்சு வாடி!" என்று காளியாயி அக்கா கத்துகிறாள்.

மேல் வளைவில் அண்ணனின் சிவப்பு ஹெல்மட் தெரிகிறது. சாக்கு ஊறிக் கனக்கிறது. துடைத்த இடம் ஒரு பாய் அகலம். மிச்ச வளைவு முழுதும் மின்னுகிறது.