பட்டன் பலகை

"மணி என்ன சார்?"

கேட்டது தெரபிஸ்ட். எதிரில் நின்றவர், நாலு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்த அப்பா. அவர் தலைக்கு மேலேயே கடிகாரம் இருந்தது. நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சாரி மேடம். கிளம்பறதுக்குக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"அதுக்கு முந்தின வாரம்?"

"அன்னிக்கும் கிளம்பத்தான் நேரமாச்சு மேடம்."

பொய்யையாவது மாற்றிச் சொல்லலாம். டிராஃபிக், பஞ்சர் என்று உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. இந்த மனிதருக்கு அதற்கும் சோம்பல் என்று தெரபிஸ்ட் முடிவு கட்டினாள்.

வளர்ச்சியில் கொஞ்சம் பின்தங்கிய சின்னக் குழந்தைகளுக்கான சென்டர் அது. ஸ்பூன் பிடிப்பது, ஷூ போடுவது, பட்டன் மாட்டுவது என்று மற்ற குழந்தைகளுக்குத் தானாக வருவதை இங்கே பாடுபட்டு வரவழைக்க வேண்டும். இங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படிக் கிடைத்த இடத்துக்குத்தான் இவர் அரை மணி நேரம் லேட்டாக வந்துகொண்டிருந்தார்.

மகளை விட்டுவிட்டு அவர் வெளியே போய் உட்கார்ந்ததும், ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கோணல் சட்டை வந்தாச்சா மேடம்?"

அவள் வைத்த பெயர். பொருத்தமாகத்தான் வைத்திருந்தாள். அவர் சட்டையில் எந்தப் பட்டனும் அதன் ஓட்டையில் இருக்காது. ஒரு பக்கம் காலர் காதைத் தொடும். மறுபக்கம் சட்டை ஒரு சாண் கீழே தொங்கும்.

"இந்த லட்சணத்துல ஆபீசுக்கு வேற போறாராம். வீட்டுல கேக்க ஆளில்லையா?"

"அந்தம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுவாங்களாம். காலைல இவர்தான் எல்லாம்."

"இவரா? வெளங்கிடும்."

தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குழந்தையை நினைத்தால் அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

உள்ளே, பட்டன் பலகையை எடுத்துக் குழந்தை முன்னால் வைத்தாள். மரப்பலகை மேல் துணி, துணியில் பெரிய பெரிய பட்டன்கள். பிஞ்சு விரல்களுக்கென்றே செய்தது.

"மாட்டு பார்க்கலாம், கண்ணா."

குழந்தை பலகையைத் தட்டிப் பார்த்தது. கவிழ்த்துப் பார்த்தது.

"உள்ள யாருமே இல்ல" என்றது.

"யாரும் இருக்க வேண்டாம்டா. நீ மாட்டு."

குழந்தை பலகையை மேஜையிலிருந்து தள்ளிவிட்டது. வாராவாரம் இதே கதை.

நேரம் முடிந்து கதவைத் திறந்தால், வெளியே ஒரு அம்மா மண்டியிட்டுத் தன் பையனின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பிரிக்காதீங்க!" என்றாள் தெரபிஸ்ட்.

"கால் மாத்திப் போட்டிருக்கான் மேடம்."

"போடட்டுமே. அவ்வளவு கஷ்டப்பட்டு அவன் போட்டதை நீங்க பிரிச்சா, நீ செஞ்சது தப்புன்னு சொல்ற மாதிரி. அடுத்த தடவை கையே நீட்ட மாட்டான். சேர்ந்த அன்னிக்கே எல்லார்கிட்டயும் சொன்னேனா இல்லையா?"

அந்த அம்மா பலமாகத் தலையாட்டினாள். தெரபிஸ்ட் திரும்பியதும் பிரித்துச் சரியாகப் போட்டுவிட்டாள். எல்லாரும் அப்படித்தான்.

தெரபிஸ்ட் கோணல் சட்டைக்காரரை உள்ளே கூப்பிட்டாள். குழந்தை ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டது.

"வீட்டுல பட்டன் பயிற்சி குடுக்கறீங்களா?"

"தினமும் மேடம்."

"தினமும் குடுத்தா, பட்டனைக் கண்டதும் தள்ளி விடுவாளா?"

அவர் பலகையைப் பார்த்தார். ஒன்றும் புரியாத மாதிரி விழித்தார்.

"லேட்டா வர்றீங்க. வீட்டுலயும் ஒண்ணும் நடக்கல. வெளியில எத்தனையோ குழந்தைங்க இடம் கிடைக்காம காத்துக்கிட்டிருக்கு. இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம் சார்."

அவர் முகம் வெளிறிப்போனது.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். இப்பத்தான் அவளுக்கு விரல் கொஞ்சம் கொஞ்சமா வளையுது."

"எங்க வளையுது? நான் பார்க்கலையே?"

வாசலில் ரிசப்ஷன் பெண் தலை தெரிந்தது. "மேடம், வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போன் போட்டுடவா?"

"போடு" என்ற தெரபிஸ்டுக்கு, அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு சட்டையை ஒழுங்காப் போடத் தெரியல, நீங்க குழந்தைக்கு என்ன சொல்லிக் குடுக்கப் போறீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்கு. முதல்ல அதைப் பிரிச்சு நேராப் போட்டுக்கிட்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

குழந்தை நிமிர்ந்து அப்பாவின் சட்டையைப் பார்த்தது.

அவர் சட்டென்று இரண்டு கையாலும் சட்டையின் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டார். அந்த சென்டரில் அவர் ஒரு விஷயத்துக்கு மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

"மன்னிச்சுக்குங்க மேடம், ஆபீஸ்ல மேனேஜர் திட்டினப்பவே பிரிக்கல" என்றார், மகளுக்குக் கேட்காதபடி குரலை இறக்கி. "காலைல அத்தனை பட்டனும் இவதான் போட்டுவிடறா. குழந்தை போட்டதைப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"