ஏழாம் நாள் நின்ற ரயில்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. நான் அப்போது டூரிங் கொட்டகையில் ஆப்பரேட்டர். பழைய இங்கிலீஷ் படம் ஒன்று ஏழு நாளைக்கு வந்திருந்தது. வேலை கிடைக்காத பையன்கள் கூட்ஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற கதை. அதில் ஒருவன் தண்டவாளத்தில் விழுவான். காலை இழுத்துக்கொள்வதற்குள் ரயில் வந்துவிடும். மீதிப் படம் முழுக்க அவனுக்கு ஒற்றைக் கால், அக்குளில் ஊன்றுகட்டைதான்.

ரயில்வே கேட்கீப்பர் சூசை ஆறு நாளும் வந்தார். அவர் மகன் அருளும் இப்படித்தான் கூட்ஸில் ஏறிப் போனவன். இரண்டு வருடமாகக் கடுதாசி இல்லை.

“ரயிலு வாரதுக்கு முன்ன படத்த நிறுத்திரும்வே,” என்றார் என்னிடம்.

“நிறுத்துனா சூட்டுல பிலிம் பொசுங்கிரும்வே.”

“பொசுங்கட்டும். புள்ளைக்குக் கால் மிஞ்சும்லா.”

ஏழாம் நாள் டூட்டி முடிந்த காக்கிச் சட்டையோடு வந்தவர், திரைக்கு முன்னால் நின்று சிவப்புக் கொடியை ஆட்டினார். பையனின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ரயில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி இங்கிலீஷில் வைதார். பையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். அடுத்த ரீலில் இரண்டு காலாலும் நடந்தான். முன்பே எடுத்த படம் அல்லவா, கட்டை மட்டும் அக்குளிலேயே இருந்தது. எதற்கென்று தெரியாமல் அதையும் சுமந்துகொண்டு போனான்.

“அருளு,” என்று கூப்பிட்டார் சூசை.

பையன் திரும்பாமல் அடுத்த கூட்ஸில் ஏறினான். சூசை கொடியை இறக்கவே இல்லை. அந்த வண்டி நிற்கவில்லை.

இதுவும் சத்தியம்தான்: கரண்டுக்கு வைத்திருந்த ஆயில் எஞ்சின் காலையிலேயே பழுதாகி, அந்த ஏழாம் நாள் கொட்டகையில் படம் ஓடவே இல்லை.