ஒரு நாள்கூட விட்டதில்லை

கச்சேரிகள் நின்றுபோன பிறகு, வயலின் வித்வான் கைபேசியின் முன்னால் உட்கார்ந்து வாயாலேயே கச்சேரி செய்யப் பழகிக்கொண்டார். வாராவாரம் நேரலையில் இளம் கலைஞர்களுக்கு உபதேசம் நடக்கும்.

“மேடை இல்லாம வாசிக்க மனசு வரலைன்னு சொல்றவன் கலைஞனே இல்ல, சோம்பேறி. நான் ஒரு நாள்கூட சாதகத்தை விட்டதில்ல.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வாய்க்குள்ளேயே சிரித்தாள். அவர் முறைத்தார்.

“ஐயா, நீங்க வாசிச்சுக் கேட்டு எவ்வளவோ நாளாச்சு. இப்போ கொஞ்சம் வாசிங்களேன்” என்று கைபேசியில் ஒருவர் கேட்டார். மற்றவர்களும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இனித் தட்டிக்கழிக்க முடியாது. அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கினார். ஒட்டடையைத் துடைத்துத் திறந்தார். உள்ளே வெறும் வெல்வெட் துணிதான் இருந்தது.

“இதுல இருந்த வயலின் எங்க?” என்று மனைவியைக் கேட்டார். நேரலை ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு மறந்தே போயிற்று.

அவள் மடித்த துணியை அடுக்கியபடி சொன்னாள்: “அதைக் கீழ்வீட்டுப் பொண்ணு வாசிக்கக் கேட்டா. போன வருஷமே குடுத்துட்டேன். நீங்க என்னிக்குத் தேடுறீங்களோ, அன்னிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”