அரை மணி தாமதம்

இடைவேளை விட்டதும் விலெம் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, தன் காதலி ராட்காவிடம் ஓடி வந்தான்.

"அந்தக் கிழவி கையில என்ன இருந்துச்சு? சீக்கிரம் சொல்லு."

ப்ராக் நகரப் போக்கர் சீட்டாட்டப் போட்டி தொலைக்காட்சியில் அரை மணி தாமதமாகத்தான் ஓடும். ஆனால் எல்லோருடைய சீட்டும் அதில் தெரியும். அதைப் போனில் பார்த்துச் சொல்வது ராட்காவின் வேலை. அரை மணிக்கு முன் இல்டிகோ என்ற பல் டாக்டரம்மா பெரிய பந்தயம் கட்ட, விலெம் பயந்து விலகியிருந்தான்.

"ஒண்ணுமே இல்ல. சும்மா மிரட்டியிருக்கா" என்றாள் ராட்கா.

"நினைச்சேன்! பல்லு பிடுங்குறவளுக்குச் சீட்டாட்டம் ஒரு கேடா? இன்னொரு தடவை மிரட்டட்டும், நசுக்கிடறேன். நாளைக்கு இறுதி ஆட்டத்துல நான்தான்!"

ஆட்டம் தொடர்ந்தது. இல்டிகோ இருந்ததையெல்லாம் பந்தயத்தில் வைத்தாள். விலெம் சிரித்துக்கொண்டே தன்னுடையதையும் தள்ளினான். அவள் இரண்டு ராஜாக்களைத் திருப்பிப் போட்டாள்.

தோற்று வெளியேறியவன் ராட்காவிடம் பாய்ந்தான்.

"அவ சும்மா மிரட்டுறான்னு சொன்னியேடி!"

"பொய் சொன்னேன். அப்போ அவகிட்ட ரெண்டு ஏஸ் இருந்துச்சு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"சட்டையில மைக் மாட்டினாங்களே, மறந்துட்டியா? சீட்டு மட்டும் இல்ல, பேச்சும்தான் வருது. 'அங்க நிக்கிறது உன் பொண்டாட்டியா'ன்னு பக்கத்து ஆள் கேட்டான். நீ என்ன சொன்னே?"

விலெம் சட்டையிலிருந்த மைக்கைக் கையால் மூடினான்.

"'சே, பெட்டி தூக்க வச்சிருக்கேன். அடுத்த போட்டிக்கு மான்டி கார்லோ போனா வேற ஒருத்தி கிடைப்பா.' ஐரோப்பா பூரா கேட்டுச்சு."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"பெட்டி ரூம்ல இருக்கு. தூக்கிக்கோ."