தூரம் யாருக்கு?

"அம்பது நிமிஷம். ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இறக்கி விட்டுடுவான். அதுக்குக்கூட உங்க தங்கச்சிக்கு மனசு வரலை."

காலையிலிருந்து மூத்த மருமகள் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது கொழுந்தனும் வந்துவிட்டதால் கொஞ்சம் சத்தமாக.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இரு குடும்பமும் சேர்ந்து போகும் பத்து நாள் கடலோரச் சுற்றுலாவுக்கு எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. மாமியாரைத் தனியாக விட முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து, இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பெற்ற மகள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று போன் செய்தால், லீவு கிடைக்காது என்கிறாள். போன வருஷம் கணவர் இறந்த பிறகு சேர்ந்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லையாம்.

"பெத்த தாயைவிட வேலை பெரிசாப் போச்சு. நாங்க மட்டும் ஆயா வேலை பார்க்கணும்."

பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெரியவன், தங்கை சின்ன வயதிலிருந்தே சுயநலம்தான் என்று தன் பங்குக்குச் சொன்னான். சின்னவன் ஒரு படி மேலே போய் செல்போனில் மேப்பையே திறந்து காட்டினான்.

"மலையைச் சுத்தி வந்தாத்தான் தூரம், அண்ணி. மேல பறந்தா இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த ஊர் ஏர்போர்ட் பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னது, நம்மது அதைவிடச் சின்னது. வரிசையில நிக்கிற வேலைகூட இல்லை. அக்கா சும்மா சாக்கு சொல்றா."

"இந்த ஃப்ளைட் எப்பலேர்ந்து ஓடுது?"

கேட்டது அம்மா. அதே ஹாலில்தான், கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பது எல்லாருக்கும் தெரியும். பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் கண்ணால் காட்டிய ஜாடையைச் சின்னவன் கவனிக்கவில்லை.

"மூணு வருஷமா ஓடுதும்மா," என்றான், தானே ஓட்டுகிறவன் போல.

மடித்த சட்டையை அம்மா பெட்டியின் மேல் விட்டெறிந்தார்.

"ஏண்டா பெரியவனே, மாப்பிள்ளை போனப்ப என்ன சொன்னே? ரெண்டு பஸ் மாறி ஒரு பகல் ஒரு ராத்திரி உட்காரணும், உன் உடம்பு தாங்காது, போன்ல பேசிக்கோன்னு சொன்னியே. அப்ப எனக்கு இடுப்பு நல்லாத்தானே இருந்தது? நீ மட்டும் போயிட்டு வந்து, பஸ்ல முதுகு போச்சுன்னு என் கையாலயே தைலம் தேய்ச்சுக்கிட்டே."

பெரியவன் ஜிப்பையே மறுபடி இழுத்தான். மருமகளுக்கு அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்தது. ஆனால் எழுந்திருக்கத் துணிவு வரவில்லை.

"என் பொண்ணு அங்க தனியா அழுதுக்கிட்டிருந்தா. நான் இங்க உட்கார்ந்து மலையைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

அம்மா வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்து நின்றார்.

"அவ இங்க வர வேண்டாம். நான் போறேன். அடுத்த ஃப்ளைட் என்னிக்கு, வாக்கரோட ஏத்திக்குவாங்களான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க."

மூன்று பேரிடமும் போன் இருந்தது.