சாம்பல் நிற அங்கி

“அம்மா, அவங்களுக்கு மூஞ்சியே இல்ல,” என்று கிளிக்கூண்டோடு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள் அந்த ஒன்பது வயதுச் சிறுமி.

பறவைகள் காப்பகத்தின் கதவருகே நின்ற உருவத்துக்கு நிஜமாகவே முகம் இல்லை. உச்சந்தலை முதல் கணுக்கால் வரை சாம்பல் நிற அங்கி, முகத்துக்கு நேரே கறுப்பு வலைத்துணி. பறவைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிடத்தான் செய்வார்கள்.

“பயப்படாத பாப்பா, நம்ம ஆளுதான்,” என்றார் டாக்டர். “உள்ள மூணு ஆந்தைக் குஞ்சு இருக்கு. கூட்டுலேருந்து விழுந்ததுங்க. ஊட்டி விடுறவங்க முகத்தைப் பார்த்துட்டா, அதையே அம்மான்னு நினைச்சுக்கும். அப்புறம் காட்டுல விட்டாலும் அந்த முகத்தைத் தேடிக்கிட்டே இருக்கும், பிழைக்காது. அதான் இந்த வேஷம். முகத்தைக் காட்டக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது.”

டாக்டருக்கு இது தலைகீழ்ப் பாடம். சொல்லி முடித்த பிறகுதான், ஆந்தைகளுக்கு இரை கொடுத்து அரைமணி ஆகிவிட்டதே, இவள் ஏன் மறுபடி அதை மாட்டிக்கொண்டாள் என்று தோன்றியது. வந்தவர்கள் முன்னால் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

“போன வருஷம் புயல்ல எங்க வீட்டு மரம் சாஞ்சுது சார். அதுல கிடந்த குஞ்சு இது,” என்றாள் சிறுமியின் அம்மா. “காட்டுக் கிளியை வீட்டுல வளர்க்கக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்களாம். கொண்டுபோய் விட்டுடலாம்னு இவளேதான் சொன்னா. சொல்லிட்டு மூணு நாளா சரியா சாப்பிடல.”

சிறுமி மெல்ல முன்னால் வந்தாள். கூண்டை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை. உறை மாட்டிய இரண்டு கைகள் கூண்டின் அடியைத் தாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் காத்திருந்தன.

“கொய்யாப்பழம்னா உயிரு. தூங்கும்போது துண்டு போட்டு மூடணும், இல்லாட்டி கத்தும். கத்தினா திட்டாதீங்க, பயத்துலதான் கத்தும்.”

ஒவ்வொன்றுக்கும் வலைத்துணி மேலும் கீழும் ஆடியது.

“டாக்டர் அங்கிள், இது என்னை மறந்துடுமா?”

டாக்டருக்குப் பறவைகளிடம் இருந்த பக்குவம் குழந்தைகளிடம் போதாது. “மறக்கணும் பாப்பா. மறந்தாத்தான் அதுக்கு நல்லது,” என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

சிறுமியின் உதடு பிதுங்கியது. அங்கி சட்டென்று மண்டியிட்டு அவள் உயரத்துக்கு இறங்கியது. வலைத்துணி இடமும் வலமுமாக நிதானமாக அசைந்தது. இல்லை, மறக்காது.

“நிஜமாவா?” என்றாள் சிறுமி. கண்ணீரோடு சிரித்தபோது மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. கூண்டை விட்டாள்.

அவள் அம்மாவுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. “கிளிகிட்ட முகத்தைக் காட்டினா பரவாயில்லதானே? ஒரு நிமிஷம் அதைக் கழட்டிட்டு இவகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன். குழந்தைக்கு ஆறுதலா இருக்கும்.”

அங்கி எழுந்து இரண்டடி பின்வாங்கியது. வேண்டாம் என்பதுபோல் வேகமாகத் தலையாட்டியது. கேட்டவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“விடும்மா, ரூல்னா ரூல்தான்,” என்றாள் சிறுமி பெரிய மனுஷிபோல. போகிற போக்கில் ஓடிவந்து அந்த அங்கியை இடுப்போடு கட்டிக்கொண்டாள். “நல்லாப் பார்த்துக்கோங்க, என்ன?”

உறை மாட்டிய ஒரு கை எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. பிறகு சிறுமியின் உச்சந்தலையில் ஒரே ஒரு முறை பட்டு விலகிக்கொண்டது.

கார் தெருமுனை திரும்பியதும் டாக்டர் பொரிந்து தள்ளினார்.

“என்னம்மா நினைச்சுக்கிட்டிருக்கே? மனுஷங்க மூஞ்சியைப் பார்த்தே வளர்ந்த கிளி இது, இதுக்கு எதுக்கு அங்கி? கார் வரும்போது சும்மா முகத்தோடதானே வாசல் கூட்டிட்டு இருந்தே? அவ்வளவு கெஞ்சறாங்க, அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசினா கொறைஞ்சா போயிடுவே?”

அவள் கூண்டை நிழலில் வைத்தாள், துண்டை எடுத்துப் பாதி மூடினாள். பிறகுதான் வலைத்துணியைக் கழற்றினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. டாக்டருக்காகச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தெத்துப்பல் மட்டும் தெரிந்தது.

டாக்டர் தெருமுனையைப் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்தார்.

“பிரசவ ஆஸ்பத்திரியில என் பிள்ளையை அந்தம்மா கையில தத்துக் கொடுத்தப்போ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். அவங்க என்னைப் பார்க்கல,” என்றாள் அவள், அங்கியை மடித்தபடி.

“முகத்தைப் பார்த்துட்டா அப்புறம் தேடும்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க.”